கையில் கொடுத்த கருப்பட்டி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரும்படி மானேஜர் என்னிடம் கேட்டார். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். அதனால் பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் முதலில் போய் அதை இறக்கிவைத்துவிட்டு வாருங்கள்.

திருப்புறத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருக்கிற நம் ஆயுர்வேத சிகிச்சை இல்லத்தில் நான் பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தேன். வேலையை விட்டு வரும்போது சமையலறை முழுக்க என் பொறுப்பில் இருந்தது. காரோடு என்ற ஊருக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி நான். அப்பன், அண்ணன், வீட்டுக்காரர் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். பத்தியச் சமையலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்தும் கேட்டும் திட்டு வாங்கியும் கற்றதுதான். லில்லிக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். உண்டுதான். முப்பது வருஷம் நோயாளிகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டு, என் சாப்பாட்டால் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை என்று சொல்ல முடிகிறவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கலாம்.

ஒரே ஒரு நாள் அந்தப் பெருமை போய்விடப் பார்த்தது. அந்த நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கஞ்சிக்கு எத்தனை பங்கு தண்ணீர், எந்தக் கஷாயத்துக்கு எத்தனை நாழிகை கழித்துச் சாப்பாடு என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் இல்லத்துக்குப் பல நாட்டிலிருந்தும் ஆள் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களில் புத்த மதக்காரர்களும் உண்டு. முதலில் எனக்கு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. வரவேற்பறையில் செருப்பு வைக்கும் அலமாரிக்கு மேல் ஒரு புத்தர் சிலை இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார், பார்க்க அமைதியாக இருக்கும். எனக்குத் தெரிந்த புத்த மதம் அவ்வளவுதான்.

முதலில் வந்தவர் ஜப்பான்காரர். அவர்கள் கோயிலில் பூசை செய்கிறவர். மனைவியோடு வந்திருந்தார். சைவம்தான் சாப்பிடுவார் என்று நினைத்து நான் முருங்கைக்காயும் பூசணிக்காயும் வெட்டி வைத்தால், மனுஷன் மீன் கேட்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிகிச்சைக்கு நடுவில் டாக்டரம்மா அனுமதித்த நாட்களில் நல்ல நெய்மீனாகப் பார்த்து வாங்கி, மிளகும் இஞ்சியும் மட்டும் போட்டு வேகவைத்துக் கொடுத்தேன். அவர் நாள் முழுக்கப் புத்தரின் ஒரு பெயரையே சொல்லிக்கொண்டிருப்பார். அளவில்லாத ஒளியுடைய அமிதா புத்தராம். மனுஷன் தன் சொந்தப் பலத்தால் கரையேற முடியாது, அந்தப் புத்தரின் கருணையை நம்பி அவர் பெயரைச் சொன்னால் போதும் என்று அவர் மனைவி இங்கிலீஷில் சொன்னதை வரவேற்பறைப் பெண் எனக்கு எடுத்துச் சொன்னாள். செபமாலை சொல்லி வளர்ந்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது. சரி, இதுதான் புத்த மதம், மீன் கொடுக்கலாம் என்று மனசில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அடுத்து தைவானிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி வந்தார். மொட்டைத் தலை, சாம்பல் நிற அங்கி. புத்த மதம் என்று கேட்டதும் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே! வெங்காயமும் பூண்டும் வதக்கி, நெய்மீன் வைத்து, தட்டை அலங்கரித்து அனுப்பினேன். தட்டு திரும்பி வந்தபோது மீனின் மேல் ஒரு வாழையிலைத் துண்டு மூடியிருந்தது. பக்கத்தில் இருந்த வெறும் சோற்றை மட்டும் சாப்பிட்டிருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த இலைத் துண்டு என்னை அடித்த அடியை எந்தத் திட்டும் அடித்திருக்காது.

டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். நெய்யாற்றின்கரையில் தலைமுறையாக வைத்தியம் பார்க்கும் குடும்பம் அவருடையது. சிரித்துக்கொண்டே சொன்னார்.

"லில்லி, உனக்க பள்ளிக்கோயிலும் மலங்கரை சபைக்காரங்க பள்ளிக்கோயிலும் ஒண்ணா? கும்பிடுத ஏசு ஒண்ணுதானே, முறை வேற வேற இல்லியா? அதுபோலத்தான் இதும். ஜப்பான்காரரும் இவங்களும் மகாயானம்ணு சொல்லுத ஒரே பெரிய கிளையாக்கும். அதுக்குள்ளயே ஒருத்தருக்கு மீன் உண்டு, ஒருத்தருக்குப் பூண்டுகூட ஆகாது."

"அப்ப எல்லாருக்கும் பொதுவா ஒண்ணும் கிடையாதா டாக்டரம்மா?"

"உண்டு. நம்ம வைத்தியம் போலத்தான். துக்கம்ணு ஒரு நோய் உண்டு. ஆசைதான் அதுக்குக் காரணம். காரணத்தை எடுத்தா நோய் போவும். எடுக்கதுக்கு ஒரு வழி உண்டு, பத்தியம் போல எட்டுக் காரியம். சரியாப் பாக்கணும், சரியா நினைக்கணும், சரியாப் பேசணும், சரியா நடக்கணும், நேரான வழியில பிழைக்கணும், முயற்சி வேணும், கவனம் வேணும், மனசு ஒரு நிலையில நிக்கணும். இதைப் புத்தர் சொன்னாரு. எந்தக் கிளைக்காரங்களும் இதை வேண்டாம்ணு சொல்லமாட்டாங்க."

பத்தியம் என்ற சொல் வந்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மறுநாள் அந்தக் கன்னியாஸ்திரியிடம் போய்க் கைகூப்பினேன். உயிருள்ள எல்லாம் துக்கத்திலிருந்து விடுபடும்வரை தானும் ஓயப்போவதில்லை என்று அவர் சபதம் எடுத்திருக்கிறாராம். "அந்த எல்லாவற்றிலும் மீனும் உண்டு" என்று செய்கையில் காட்டிச் சிரித்தார். மீன்காரி மகளாகிய நான் என்ன சொல்ல? நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு திபெத்து லாமா வந்தார். கர்நாடகத்தில் அவர்கள் குடியிருப்பு உண்டு, அங்கிருந்து. இந்தத் தடவை நான் முதலிலேயே கேட்டேன். இறைச்சி சூப்பு சாப்பிடுவார், வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர் குடிப்பார். காய்கறி விளையாத குளிர்ந்த மலையில் வந்த வழக்கம் என்றார். கையில் மாலை, மந்திரம், கண்ணை மூடி மனசுக்குள் தெய்வ வடிவத்தைக் கட்டி எழுப்புவது, குருவின் சொல்லைத் தலைமேல் வைப்பது. அது வஜ்ரயானம் என்றார். நோக்கம் மகாயானத்தின் நோக்கம்தான், எல்லா உயிரும் கரையேறணும், போகிற வண்டிதான் வேகம் கூடியது என்று அவரே விளக்கினார். நல்ல தமாஷான ஆள். என் ரசத்தைக் குடித்துவிட்டு, இது இருந்தால் திபெத்தில் குளிரே தெரிந்திருக்காது என்றார்.

இவ்வளவும் ஆன பிறகு நான் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். புத்த மதக்காரர் வந்தால் முதலில் என்ன கேட்க வேண்டும், யாருக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று. அந்த நோட்டு இப்போதும் அலமாரியில் இருக்கும். அதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. இனி என்னிடம் தப்பு வராது என்று நினைத்தேன். சாப்பாட்டில் தப்பு வரவும் இல்லை.

இலங்கையிலிருந்து அந்த பிக்கு வந்தது அதற்கப்புறம்தான். அறுபது வயது இருக்கும். மூட்டு வலிக்கு மூன்று வாரச் சிகிச்சை. சர்க்கரையும் உண்டு, அதற்கு மாத்திரை. கூடவே பியல் என்று ஒரு ஆள், அவரைக் கவனித்துக்கொள்ள. பிக்கு சில வருஷம் மட்டக்களப்பில் இருந்தவராம், தமிழ் நன்றாகவே பேசுவார், பியலும் சமாளிப்பார். வந்தவுடன் பியல் செய்த முதல் காரியம், செருப்பு அலமாரி மேல் இருந்த புத்தர் சிலையைப் பார்த்து முகம் வாடி நின்றதுதான். அறைகளில் வேலை பார்க்கும் செல்வன் அதைப் புரிந்துகொண்டு, உடனே சிலையை எடுத்து உயரமான இடத்தில் வைத்துப் பூவும் வைத்தான். இப்போது நீங்கள் பார்க்கும் இடத்துக்கு அது அப்படி வந்ததுதான்.

நோட்டை எடுத்துக்கொண்டு பியலிடம் உட்கார்ந்தேன். இவர்கள் தேரவாதம், மூத்தவர்கள் வழி. புத்தர் காலத்து விதிகளை முடிந்தவரை அப்படியே காப்பவர்கள். மீனோ காய்கறியோ, தந்ததைச் சாப்பிடுவார். ஆனால் உச்சிப்பொழுதோடு சாப்பாடு முடிந்தது. அதன் பிறகு மறுநாள் விடியும்வரை சோறு, பழம், பிஸ்கட் எதுவும் கிடையாது. வடிகட்டிய சாறு குடிக்கலாம். உடம்புக்கு முடியவில்லை என்றால் நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் இந்த ஐந்தும் மருந்தாக எந்த நேரமும் ஆகும்.

"வெல்லம்ணா கருப்பட்டியும் ஆகுமா?" என்று கேட்டேன். ஆகும் என்றார். எனக்கு ஏதோ எங்கள் ஊரையே புத்தர் பாராட்டினது போல இருந்தது.

பெண்கள் அவரைத் தொடக் கூடாது என்றும் பியல் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு நிற்காமல், என் மரியாதையில், இன்னும் இரண்டு படி கூட்டிக்கொண்டேன். சமையலறைப் பெண்கள் யாரும் அந்த அறைப் பக்கமே போகக் கூடாது. உச்சைக்குப் பிறகு தேநீர் தட்டோடு யாரும் போய் அவர் தியானத்தைக் கெடுக்கக் கூடாது. மானேஜரும் கதவில் தொங்கவிட ஒரு அட்டை செய்து கொடுத்தார்.

மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டைச் செல்வன் கொண்டுபோவான், பியல் வாங்கிப் பிக்குச் சாமிக்குக் கொடுப்பார். நாலாம் நாள் பியலுக்கு விசா காரியமாகத் திருவனந்தபுரம் போக வேண்டி வந்தது. காலையில் சமையலறை வாசலில் வந்து, "சாமியைப் பாத்துக்கொள்ளுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் சொன்னார், மானேஜரிடம் கூடச் சொல்லவில்லை. நான் எவ்வளவு நிமிர்ந்து நின்றிருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள்.

சாமி எண்ணெய்த் தேய்ப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து, என் நாத்தனார் வீட்டில் காய்ச்சிய நல்ல கருப்பட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, ஒரு கண்ணாடிப் பரணியில் போட்டு, அவர் அறை மேசையில் வைத்தேன். மருந்துதானே, எப்போது தளர்ச்சி வந்தாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அவர் வருவதற்கு முன் வெளியே வந்துவிட்டேன். பதினோரு மணிக்குச் செல்வன் சாப்பாட்டைக் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

என் சமையலறையில் ஒரு சட்டம் உண்டு. நான் பார்க்காமல் ஒரு தட்டும் கழுவப்படாது. ஒவ்வொரு தட்டிலும் அறைச் சீட்டு இருக்கும். என்ன போயிற்று என்பதைவிட என்ன திரும்பி வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். நீங்களும் அந்தச் சட்டத்தை விடாதீர்கள். அன்றைக்குப் பார்த்துப் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரிய கூட்டம் வந்து இறங்கியது. அவர்களுக்கு இலை போட்டு, எடுத்து, தலை நிமிர்ந்தபோது மணி மூன்று. திரும்பி வந்த தட்டுகளிடம் போனேன். சாமியின் தட்டு அடுக்கின் அடியில் இருந்தது. சோறு அப்படியே இருந்தது. இரண்டு கைப்பிடி குறைந்திருந்தால் அதிகம்.

புதுக் கஷாயம் அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது. அது சிலருக்கு வாயைக் கசக்கவைத்துவிடும். ஆனால் சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட்டிருப்பார். என் வீட்டுக்காரருக்கும் அதே மாத்திரைதான். ஒரு நாள் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் மணலில் சாய்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

வராந்தாவில் மானேஜர் குறுக்கே வந்தார். மலையாளத்துக்காரர், என்னைச் சேச்சி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனுஷன்தான், ஆனால் விருந்தாளியின் முகம் சுளித்துவிடுமோ என்று எந்நேரமும் பயம்.

"சேச்சீ, எங்கோட்டு? சாமி தியானத்திலாணு. போர்டு கண்டில்லே?"

"கண்டேன் சாரே. தட்டையும் கண்டேன். சாமி ஒண்ணும் தின்னல்ல."

"சேச்சி தன்னே அல்லே பறஞ்ஞது, உச்சைக்குப் பிறகு யாரும் போகப்படாதுன்னு?"

"நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பாக்கும். டாக்டரம்மையை விளியுங்க."

கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு போனேன். போகும்போது ஒன்று மட்டும் மனசில் ஓடியது. அவர் நிஜமாகவே தியானத்தில் இருந்தால் இன்றோடு என் வேலை போய்விடும்.

சாமி சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தார். தியானம் ஒன்றும் இல்லை. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து, காவித் துணி தோளில் நனைந்து ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்தார், ஆனால் என்னை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டு எட்டுத் தூரத்தில் மேசை. மேசையில் என் பரணி. மூடிகூடத் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"சாமி, இதில ஒரு துண்டு எடுத்து வாயில போடப்படாதா? மருந்து ஆகும்ணுதானே பியல் சொன்னாரு? உங்களுக்குண்ணுதானே இஞ்ச வச்சிருக்கு!"

உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"தரல்ல, அம்மா" என்றார். "எனக்கு அது தரல்ல."

அதற்குள் மானேஜர் பிஸ்கட் பொட்டலமும் ஒரு பாளையங்கோடன் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். சாமிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பிஸ்கட்டை உடைத்து வாயருகே கொண்டுபோனார். சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு தளர்ச்சியிலும் வாய் இறுக மூடியிருந்தது.

"ஜீவன் போகும்போள் என்து நியமம் சேச்சி! வாய் திறக்கான் பற!" வாயைத் திறக்கச் சொல் என்று மானேஜர் என்னிடம் கத்தினார்.

அந்த இடத்தில் எனக்கு நினைவு வந்தது எங்கள் பள்ளிக்கோயில். ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் அப்பம் பீடத்தின் மேல் பாத்திரத்தில் இருக்கும். எல்லாருக்கும் ஆனதுதான். ஆனாலும் நாம் யாரும் எழுந்து போய், நாமாக எடுத்து வாயில் போட்டுக்கொள்வதில்லை. வரிசையில் நிற்போம். பூசை வைக்கும் அச்சன் தந்தால்தான் வாங்குவோம். இத்தனை வருஷம் கைநீட்டி வாங்கியவளுக்கு, "தரல்ல" என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நான் மேசையில் வைத்தேன். வைத்துவிட்டுப் போய்விட்டேன். அவருக்குத் தரவில்லை.

மானேஜரின் கையைத் தட்டிவிட்டேன். பிஸ்கட் கீழே விழுந்தது. பரணியை எடுத்து, மூடியைத் திறந்து, அவர் முன்னால் முட்டுக்குத்தி இருந்தேன். அப்போதுதான் என் கை பெண் கை என்ற நினைவு வந்தது. செல்வனைக் கூப்பிடலாமா? செல்வன் எங்கே இருக்கிறானோ? ஆனது ஆகட்டும் என்று ஒரு துண்டை இரண்டு விரலால் பிடித்து நீட்டினேன்.

"சாமி, இதை நான் உங்களுக்குத் தாறேன். வாங்குங்க."

அவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். தொடாமல் உள்ளங்கையில் போட்டேன். அதை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு பரணியையே இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தேன். அவர் அதைத் தொட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். செம்பில் இருந்த வெந்நீரில் நாலு துண்டைக் கரைத்து, துணியில் வடிகட்டி, டம்ளரையும் கையில் கொடுத்தேன். மடக்கு மடக்காகக் குடித்தார்.

மானேஜர் சுவரோரம் நின்று என்னையே பார்த்தார். சாமிக்கு ஏதாவது ஆகியிருந்தால், பிஸ்கட்டைத் தட்டிவிட்ட லில்லி என்று சாகும்வரை என் பெயர் நின்றிருக்கும். அது எனக்கு அந்த நிமிஷமே நன்றாகத் தெரியும். ஆனால் உடம்புக்கு வேண்டியது இனிப்பு. அதைப் பிஸ்கட்டிலும் கொடுக்கலாம், கருப்பட்டியிலும் கொடுக்கலாம். பிஸ்கட்டில் கொடுத்தால் அவர் அத்தனை வருஷம் காத்துவந்ததை, அவர் தடுக்க முடியாத நேரம் பார்த்து, நாம் உடைத்ததாக ஆகும். கருப்பட்டியில் கொடுத்தால் இரண்டும் பிழைக்கும். இதையெல்லாம் அப்போது நான் இப்படி வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். கை முந்திக்கொண்டது, காரணம் பிறகு வந்தது.

கால் மணி நேரத்தில் வேர்வை நின்றது. டாக்டரம்மா வந்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தபோது, ஏறத் தொடங்கியிருந்தது. மாத்திரை அளவை மாற்றி எழுதினார். என்னைப் பார்த்து, "நீ தட்டு பாக்காம இருந்திருந்தா நான் வந்தும் ஒரு காரியமும் இல்லாம போயிருக்கும் லில்லி" என்றார். முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன மிகப் பெரிய பாராட்டு அது. நான் சமையலறைக்குப் போய், அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அழுதேன்.

செல்வனை அன்றைக்கு ஒரு பிடி பிடித்தேன். "எலே செல்வா, கையிலதான் குடுக்கணும்ணு பியல் ஒனக்குச் சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு அக்கா. சும்மா மரியாதைக்குச் சொல்லுதாருண்ணு நெனச்சேன், அதான் உங்களுக்கிட்ட சொல்லல்ல" என்றான். அவனைத் திட்டி என்ன செய்ய? நானும் மரியாதைக்குத்தானே தள்ளி நின்றேன்.

மறுநாள் காலை சாமி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கஞ்சியை நானே கொண்டுபோய் நானே கொடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சாமி கோவிக்கப்படாது. உயிரைவிட நியமம் பெரிசா?"

"இல்லை அம்மா. நான் சாகவேணும் எண்டு இருக்கல்ல" என்றார். "ஆரும் வருவாங்க எண்டுதான் இருந்தன். ஆரும் வரல்ல."

அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, பெய்யவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. யாரும் வரக் கூடாது என்று ஏற்பாடு செய்தவளே நான்தானே!

அவரே தொடர்ந்து பேசினார். "நாங்க சோறு ஆக்கப்படாது, சேத்து வைக்கப்படாது, தராததை எடுக்கப்படாது. ஒவ்வொரு நாளும் ஆராவது ஒராள் தந்தால்தான் எங்களுக்குச் சீவியம். 'நான்', 'என்ட' எண்ட நினைப்பு அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். எல்லாம் மாறிப்போறது, பிடிச்சு வைக்க ஒண்டும் இல்லை எண்டு வாயால சொல்றது லேசு. கையை நீட்டி இருந்து பாத்தால்தான் தெரியும்."

"அப்ப பட்டினி கிடக்கது புண்ணியம் இல்லியா?"

சிரித்தார். "புத்தரே பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாப் போனவர். அதால ஒண்டும் கிடைக்காது எண்டு கண்டுதான் விட்டார். அளவுக்கு மிஞ்சின சுகமும் வேணாம், உடம்பை வதைக்கிறதும் வேணாம், நடுவால போ எண்டு சொன்னார். அண்டைக்கு அவருக்குப் பாற்சோறு தந்து எழுப்பினதும் ஒரு பொம்புளைதான் அம்மா."

எழுந்து சமையலறைக்கு வந்தேன். வந்து அங்கிருந்த எல்லாரிடமும் இதைச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

அன்றிலிருந்து அறைப் பக்கம் பெண்கள் போகக் கூடாது என்ற என் சட்டத்தை நானே கிழித்துப் போட்டேன். தினமும் நாலு மணிக்கு யாராவது ஒருத்தர் போய்ச் சாமியைப் பார்த்து, வேண்டுமா என்று கேட்டு, சாறோ வெந்நீரோ கையில் கொடுத்து வர வேண்டும். ஏழு நாள் கழிந்ததும் பியல் பரணியைத் திருப்பிக் கொண்டுவந்தார், பாதிக் கருப்பட்டியோடு. பிடிக்கவில்லையோ என்று என் முகம் போன போக்கைப் பார்த்து, அவரே அவசரமாக விளக்கினார். மருந்தானாலும் ஏழு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாதாம், சேர்த்துவைக்கும் ஆசை வந்துவிடும் என்று. மிச்சத்தைச் சமையலறையில் எல்லாரும் பங்கிட்டுத் தின்றோம். புதுத் துண்டு போட்ட பரணியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டு நாளுக்கு ஒரு தடவை, அவர் இருந்தவரை.

அவர் கிளம்பும் நாள் வந்தது. மானேஜர் வரவேற்பறையில் பெரிய ஏற்பாடு செய்திருந்தார். மேசைமேல் வெள்ளை விரிப்பு, அதன்மேல் ஒரு கூடை. தைலக் குப்பிகள், ஏத்தங்காய் சிப்ஸ், பழம், மேலே நாடா கட்டி "அன்போடு" என்று ஒரு அட்டை. வேலையாட்களும் மற்ற விருந்தாளிகளும் வரிசையாக நின்றார்கள். நாங்கள் சமையலறைக்காரர்கள் வழக்கம்போலப் பின்னால், சமையலறையிலேயே நின்றோம். அந்த வரிசைக்கு எங்களை யாரும் கூப்பிடுவது கிடையாது. முப்பது வருஷத்தில் எத்தனையோ பெரிய மனுஷர்கள் வந்து, என் சோற்றைத் தின்று, குணமாகி, வரவேற்பறையில் நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போயிருக்கிறார்கள்.

சாமி கூடையைப் பார்த்தாராம், சிரித்தாராம், கடந்து வந்தாராம். வரவேற்பறைப் பெண் பிறகு சொன்னாள். மானேஜருக்குக் குழப்பம். கார் நிற்கிற பக்கம் போகாமல், வராந்தாவைச் சுற்றி, கிணற்றுப் பக்கமாக நடந்து, நேரே எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் பிச்சைப் பாத்திரம். ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். மணி பத்தரை இருக்கும், உச்சைக்கு இன்னும் நேரம் இருந்தது.

யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாத்திரம் கழுவுகிறவள் கையைத் துடைத்துக்கொண்டு முதலில் வந்தாள். காய் நறுக்குகிறவள், அரைக்கிறவள், செல்வன், எல்லாரும் வரிசையாக ஆளுக்கொரு கரண்டி சோறு வைத்தார்கள். கடைசியில் நான் ஒரு கரண்டி பருப்பும், ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தேன். அவர் பாலி மொழியில் நாலு வரி ஓதி, எங்களுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று வாழ்த்தினார். என் சமையலறை வாசலைத் தேடி வந்து ஒருத்தர் சோறு வாங்கி நின்றது அன்றைக்குத்தான். நான் அழவில்லை. நிமிர்ந்து நின்றேன்.

அப்போது மானேஜர் கூடையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். வந்தவர் சாமிக்கு முன்னால் இருந்த அம்மித் திண்டைப் பார்த்துவிட்டு, கூடையை அதன்மேல் வைக்கப் போனார்.

"அங்க வைக்காண்டாம் சாரே" என்றேன். "கையில குடுங்க."

மானேஜர் என்னைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். கூடையை இரண்டு கையாலும் நீட்டினார். சாமி வாங்கிக்கொண்டார்.